கரியப்பனின் இடது காது

ஓசூர் சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் கரியப்பனுக்குக் காதுதான் பிழைப்பு. சத்தம் புகாத கண்ணாடிக் கேபினில், ஓடும் கியர்பாக்ஸின் மேல் ஸ்குரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியை வலது காதோரம் அழுத்திக்கொண்டு கேட்பான். சுத்தமாக ஓடினால் பச்சைச் சீட்டு, உள்ளே ஏதாவது முனகினால் சிவப்பு. ஒன்பது வருஷமாக அவன் சொன்னதுதான் தீர்ப்பு. பேர் மட்டும் இன்னும் கான்ட்ராக்ட் பட்டியலிலேயே கிடந்தது.

இடது காது வேறு கதை. ராயக்கோட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அது சீழ் வடித்துக்கொண்டிருந்தது. நாற்றம் வந்தால் பஞ்சை அடைப்பான். பஞ்சு கிடைக்காத நாளில் மெஷின் துடைக்கும் வேஸ்ட் நூலைக் கிள்ளிச் சுருட்டி வைத்துக்கொள்வான். கேன்டீன் நஞ்சம்மா பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றச் சொன்னாள். ஊற்றினான். சீழ் பூண்டு வாசனையோடு வந்தது, அவ்வளவுதான். லைனில் யாருக்காவது அவனைப் பற்றிப் புறம்பேச வேண்டுமென்றால் அவனுக்கு இடப்பக்கம் வந்து நின்று தாராளமாகப் பேசுவார்கள்.

மாத்திரை தின்னாமலில்லை. மருந்துக்கடையில் வாங்கி மூன்று நாள் தின்பான், சீழ் நின்றுவிடும். நின்றபின் எதற்கு வீணாக என்று மிச்சத்தை டூல் பாக்ஸில் ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பான். ஜலதோஷம், பல்வலி, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் லைனே அந்த டப்பாவைத் தேடி வரும். யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. என்ன மாத்திரை என்று கேட்டால் மட்டும், "கலரு நல்லாயிருக்குல்ல, போடு" என்பான். தர்மப்பிரபு என்றே பேராகிவிட்டது.

2004இல் நோட்டீஸ் ஒட்டினார்கள். பன்னிரண்டு பேர் பர்மனன்ட் ஆகப் போகிறார்கள், அவன் பேர்தான் முதலில். ஆனால் அடுத்த மாதக் கடைசியில் மெடிக்கல் செக்கப். சீழ் வடியும் காதோடு போனால் அன்ஃபிட். மனைவி ருக்மணி அவனைக் காது டாக்டர் மணிமேகலையிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் காதைச் சுத்தம் செய்து, சீழைக் குச்சிப் பஞ்சில் தொட்டுப் பெங்களூர் லேபுக்கு அனுப்பினார். பிறகு ஓர் இரும்பு இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். லேசாகத்தான் கேட்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். கணீரென்று கேட்டது.

"மேடம், இது நம்ம ஸ்குரூடிரைவரு வேலையாச்சே!"

"அதேதான். உள்ள நரம்பு நல்லாயிருக்கு. ஜவ்வுலதான் ஓட்டை. சீழ் போனா ஓரளவு கேக்கவும் செய்யும்."

கரியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சீழ் நரம்பையே தின்று தீர்த்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. காதுக்குள் குடியிருந்த கிருமிக்கு சூடோமோனாஸ் என்று பேர். பட்டியலிலிருந்த மருந்துகளில் பாதி அதனிடம் எடுபடாது.

"மூணு மூணு நாள் தின்னு நிறுத்தினீங்கல்ல? சாகாம நின்னதெல்லாம் பெருகி இப்ப முரடாயிருக்கு. சொட்டு மருந்து ரெண்டு வாரம், மாத்திரை பத்து நாள். காதுல தண்ணி படக் கூடாது. சீழ் நின்னாலும் நிறுத்தக் கூடாது. ஒரு மாத்திரை மிச்சம் வெச்சாலும் என்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர்.

கம்பெனியில் இருப்பதுபோலவே ருக்மணி வீட்டுச் சுவரில் செக் ஷீட் ஒட்டினாள். ஷிப்ட் மாறி மாறித் தூங்குகிற ஆளுக்குக் காலை, இரவு என்றால் குழம்பும் என்று காலை ஏழு, சாயங்காலம் ஏழு என்று மணியே போட்டாள். தின்றதும் கையெழுத்து. மேற்பார்வை அவளே. குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறானா என்று கதவுக்கு வெளியே காவலும் நின்றாள்.

ஐந்தாம் நாள் சீழ் நின்றுவிட்டது. அன்று செகண்ட் ஷிப்ட். மிச்ச மாத்திரையோடு கரியப்பனின் கை பழக்கத்தில் தகர டப்பாவுக்குப் போனது. சரியாக அந்நேரம் பிரதாப் வந்தான். அவனும் பர்மனன்ட் பட்டியலில் இருப்பவன்.

"அண்ணா, தொண்டை கட்டிக்கிச்சு. ரெண்டு மாத்திரை குடுங்கண்ணா. உங்களுக்குத்தான் நின்னுபோச்சே."

கரியப்பன் டப்பாவைப் பார்த்தான். தர்மப்பிரபு என்ற பேர் ஒன்பது வருஷத்துச் சம்பாத்தியம். சாகாமல் நின்ற முரடர்கள் காதுக்குள்ளே உட்கார்ந்து, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

"இல்லப்பா. டாக்டரைப் பாரு."

"ரெண்டே ரெண்டுண்ணா."

"பாதிகூடக் கிடையாது!"

மணி ஏழடித்தது. பிரதாப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தான். பிரதாப் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மெடிக்கலில் கம்பெனி டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஓட்டை இருக்கு, ஆபரேஷன்ல மூடிக்கலாம். காது காஞ்சிருக்கு. ஃபிட்."

மறுநாள் கரியப்பன் கேபினில் பச்சைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். தகர டப்பாவில் இப்போது வாஷர்கள் கிடந்தன. பிரதாப் இன்னொருவனோடு உள்ளே வந்து, வழக்கம்போல இடப்பக்கம் நின்றான்.

"முன்ன எப்படி இருந்த மனுசன்! ஒரு மாத்திரைக்குக்கூடக் கணக்குப் பாக்கறான், கஞ்சப்பய."

கரியப்பன் திரும்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிரதாப்பு, இன்னொரு வாட்டி சொல்லு," என்றான். "இன்னும் கொஞ்சம் குரலை எறக்கிச் சொல்லு."