பன்றிக்குப் போட்ட கம்பி

எங்கள் கழனி கார்வேட்டிநகரம் போகிற சாலையில், காட்டை ஒட்டி இருந்தது. வேர்க்கடலை காய் பிடித்தால் பன்றிகள் இறங்கிவிடும். முன்பு ஊர்ப் பையன்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். கம்பெனிகள் வந்த பிறகு காவலுக்கு ஆள் இல்லை. அண்ணன் சென்னைக்குப் போய்விட்டான். நான் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து, கழனியைச் சுற்றிக் கரண்ட் விட்டார். பல பேர் அப்படித்தான் செய்தார்கள்.

விடிவதற்குள் நிறுத்திவிடுவார். ஒருநாள் மறந்துவிட்டார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கம்பியில் மாட்டிச் செத்துப்போனாள். அவளும் சின்ன மகளும்தான் ஊரில்; அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்.

முதலில் பார்த்தது நைனாதான். கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஊரைக் கூப்பிட்டார். பாம்பு கடித்துவிட்டது என்றார். நான் அன்று லீவில் வீட்டில் இருந்தேன். அவளைத் தூக்கிவந்தவர்களில் நைனாவும் இருந்தார்.

அவள் காலைத் துடைத்துவிட்ட அம்மா, கெண்டைக்காலின் குறுக்கே கருகிய கோட்டைப் பார்த்தாள். நேராக வீட்டுக்கு வந்து நைனாவைக் கேட்டாள்.

"சுச்ச ஆப் பண்ணியா, இல்லியா?"

"சும்மா கெடமே. ஊர்ல யாரு கம்பி போடல? லைன்மேனு பாத்துகினுதான போறான்? பசங்க ஊர்ல இருந்திருந்தா நான் ஏன் கரண்டு உடப்போறேன்? அவ ஏன் இந்தப் பக்கம் வரணும்?"

"அத்த உடு. சுச்சு யார் கையில இருந்துச்சி?"

நைனா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

"அவ புருஷன் வந்துகினு இருக்கான். அவன் மூஞ்சப் பாத்து பாம்புன்னு சொல்லுவியா?"

சொன்னார். அவள் புருஷன் வந்ததும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சொன்னார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"பாம்பு இல்ல தம்பி. எங்க கரண்டுதான். காலப் பாரு."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். அழவில்லை. எங்கள் நைனாவைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. கரண்டில்தான் செத்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யாருடைய கம்பி என்பதுதான் வழக்கு. கிணற்றில் தேடியபோது கம்பி இல்லை. சென்னையிலிருந்து வந்த அண்ணன் எடுத்து எங்கோ போட்டுவிட்டிருந்தான். கோர்ட்டில் அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் எல்லோரும் தெலுங்கில் 'மாக்கு தெலீது', எங்களுக்குத் தெரியாது, என்றார்கள். அவர்கள் கழனிகளிலும் கம்பி இருந்தது. அம்மா எங்கள் கம்பிதான் என்று சொன்னாள். நான் காதில் கேட்டதைச் சொன்னேன். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, மகளுக்கும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான் என்றார் நைனாவின் வக்கீல். நைனா தலைகுனிந்து ஆமாம் என்றார்.

அவரை விட்டுவிட்டார்கள். அந்த அக்காவின் புருஷன் மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கே போய்விட்டார். நான் திருப்பதியில் வேறு வேலை தேடிக்கொண்டேன்; அம்மா என்னோடு அங்கே வந்தாள். திரும்பிப் போகவே இல்லை.

எப்போதாவது நான் மட்டும் போய்ப் பார்ப்பேன். நைனாவே சமைத்துத் தின்கிறார். பன்றியைத் திட்டுவார், லைன்மேனைத் திட்டுவார். போன முறை கேட்டார்:

"உங்கம்மா இன்னும் கோவமாவா கீறா?"

"நீயே வந்து கேளு நைனா."

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நான் இன்னா பண்ணேன்?"