யாருக்கும் இல்லாத பெயர்

தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு சாவு வீட்டில் இன்று ஒப்பாரி கேட்டதும் அக்காவின் நினைவு வந்தது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஒப்பாரிக்காரி கருப்பாயியோடு தோட்டம் தோட்டமாகப் பாடப்போக ஆசை.

"பொணத்துக்குப் பாடுறது ஒரு பொழப்பாடி?" என்று அம்மா மறித்தாள்.

வீட்டில் ஒப்பாரி பழகக் கூடாதே! அதனால் அக்கா பனி மூடிய தேயிலைமலைக்கு என்னையும் கூட்டிப்போனாள். உயிரோடிருப்பவர் பெயரைச் சொல்லாமல், தானே ஒரு பெயரைக் கட்டினாள்.

"எம் மகளே செம்பவளம்..."

"என்னம்மா?" என்றது பனிக்குள் ஒரு குரல்.

"ஓடிரலாம்க்கா!"

"பாதியில விட்டா அது போகாதுடி" என்று அக்கா கடைசி அடிவரை பாடினாள். பனிக்குள் விசும்பல் மெல்ல மலையேறி மறைந்தது.

தேடிவந்த அம்மாவும் அந்த விசும்பலைக் கேட்டுவிட்டாள். மறுநாள் அவளே அக்காவைக் கருப்பாயியிடம் விட்டாள்.

"நீங்களே வச்சுக்கங்க. வீட்டுல இவ வாயத் தெறந்தா எனக்குப் பயமா இருக்கு."