நிலத்துக்குப் போட்ட சுவர் மாபிள்

கடையில் அந்தப் பெரியவர் சொன்னதை நான் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை? இருபத்திரண்டு வருடங்களாக இதற்குப் பதில் தேடுகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு நாள் என்னை விட்டுவிடுவேன். ஒன்பது வயதில் ‘சறுக்கும்’ என்ற சொல்லுக்குமா அர்த்தம் தெரியாது என்று அடுத்த நாள் திரும்பவும் பிடித்துக்கொள்வேன்.

இப்போது குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தரை போட வேண்டியிருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த நான்கு மாதிரித் துண்டுகள், டைல்ஸ் என்று சிலர் சொல்லும் மாபிள், குசினியில் அடுப்படிக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, சவர்க்காரம் தேய்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் ஏறி நின்று பார்க்கிறேன். கணவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. “மாபிள்தானே, ஏன் இப்பிடி நடுங்குறீங்க?” என்று கேட்டார். நான் அடுத்த துண்டில் தண்ணீரை ஊற்றினேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அப்போது நாங்கள் செட்டிபாளையத்தில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத கவனத்தோடு வீட்டையும் பார்ப்பார்கள். எங்கள் வீடு கல்வீடுதான், கூரையும் ஓடுதான். ஆனால் குளிப்பது கிணற்றடியில். மாப்பிள்ளை கொழும்பில் வேலை செய்தவர், அவருக்கு அது சரிவருமா என்று யாரோ அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை மாப்பிள்ளை கேட்டாரா என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டுவது என்று முடிவாயிற்று.

கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊரில் நல்ல மேசன் என்று பெயர். ஆனால் அதுவரை அவர் போட்டதெல்லாம் சீமெந்துத் தரைதான், மாபிள் போட்டதில்லை. யுத்தம் கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். பளபளப்பான சாமான்கள் எல்லாம் அப்போதுதான் டவுனுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றை வாங்கியவர்களுக்கும் பழக்கமில்லை, போட்டவர்களுக்கும் பழக்கமில்லை.

மாபிள் எடுக்க அக்கா போயிருக்க வேண்டும். அவளுடைய வீடுதானே. ஆனால் வரப்போகும் மாப்பிள்ளை குளிக்கும் இடத்துக்குப் பெண்ணே போய்ப் பொருள் தெரிவு செய்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா தடுத்துவிட்டார். அப்பாவுக்கு நிறம் பார்த்து எடுக்கத் தெரியாது. அதனால் என்னை அனுப்பினார்கள். பாவாடை சட்டை போட்டு, தலை பின்னி, கோயிலுக்குப் போவதுபோல் போனேன்.

கடையில் அப்பா, “உன்ட கண்ணுக்குப் பிடிச்சத எடு மகள்” என்று சொல்லிவிட்டு, சாமான் ஏற்றிப்போக ஒரு லேன்மாஸ்டர் உழவு மெசின்காரரோடு பேச வெளியே போனார். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளையில் இளநீலம் கலந்து, நடுவே இரண்டு மீன்கள் வளைந்து நின்ற ஒரு மாபிள் உள்ளே போனதுமே கண்ணில் பட்டது. முகம் பார்க்கலாம்போல் மின்னியது. விரலால் தடவினேன். கடையில் நின்ற ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்தார்.

“எங்க போடுறதுக்கு, தங்கச்சி?”

“பாத்ரூமுக்கு. கீழ.”

“இது செவருக்குப் போடுறது. கீழ போட்டாச் சறுக்கும். கீழ போடுறதுக்கு வேற இரிக்கு, அங்கால, சொரசொரப்பானது. அப்பா வந்தாச் சொல்லுங்க, என்ன?”

“ஓம்” என்றேன்.

அந்த ‘வேற’ மாபிளையும் பார்த்தேன். மழையில் நனைந்த சாக்கின் நிறம். மீனும் இல்லை, பூவும் இல்லை. பெரியவரை வேறு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். அப்பா உள்ளே வந்தார். நான் மீன் மாபிளைக் காட்டினேன். “மகள் எடுத்ததக் கட்டுங்க” என்று அப்பா முதலாளியிடம் சொன்னார். என் தெரிவை அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாமா பெட்டியை உடைத்து ஒரு மாபிளைக் கையில் எடுத்தவுடன் நெற்றியைச் சுருக்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“மச்சான், இது சறுக்குமே.”

“கடைக்காரன் தெரியாமலா தருவான்?” என்றார் அப்பா.

மாமா என் பக்கம் திரும்பினார். “கடையில ஒண்டும் சொல்லலியா மருமகள்?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். கடையில் நான் செய்தது மறதி என்றாவது ஒருவர் சொல்லலாம். இதற்கு அந்தப் பெயரும் கிடையாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் தாய் குளியலறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, “நல்ல வடிவா இரிக்கு. கால் வைக்கவே மனம் வராது” என்றார். அவர் சொன்னபடியே ஒருவரும் கால் வைக்கவில்லை. ஷவர் ஒன்று பூட்டியிருந்தார்கள். அதற்குத் தண்ணீர் வர மேலே ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அத்தான் கொழும்பு வேலையை விட்டு வந்து, மாமாவோடு கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு மட்டும் குளியலறைக் கதவு திறந்தது. அப்போது நான் வாசலில் நின்று மீன்களை எண்ணுவேன்.

அக்காவுக்கு ஆறு மாதமாக இருக்கும்போது மாரி தொடங்கியது. கிணற்றடியில் பாசி பிடித்தது. “வயித்தோட அங்க போகாத, சறுக்கும். பாத்ரூம் ஒண்டு சும்மாதானே கிடக்கு” என்று அம்மா தடுத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அத்தான் அள்ளிவந்து வைத்த தண்ணீரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவதற்கு அக்கா உள்ளே போனாள். நான் வெளியே தலை வாரிக்கொண்டிருந்தேன். வாளி உருண்ட சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கத்தவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்தாம் நாள் அவளைக் கூட்டிவந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. வீட்டில் ஒருவரும் மற்றவரைக் குறை சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் தன்னைத்தான் சொன்னார்கள். கிணற்றடிக்குப் போகவிடாமல் மறித்தது தானே என்று அம்மா அழுதார். “கையில எடுத்த உடன எனக்கு விளங்கினது மச்சான். பிறகும் போட்டனே” என்று மாமா அப்பாவின் முன்னால் நின்றார். அப்பா வயலுக்குப் போய்விட்டார், இரண்டு நாள் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் வந்து, “கவனமா நிண்டிருக்கலாமே புள்ள” என்று சொன்னபோது அக்கா, “ஓம் மாமி. சவர்க்காரத் தண்ணிய ஊத்திக் கழுவாம நான்தான் நிண்டன்” என்றாள். அன்று அவள் சவர்க்காரத்தைத் தொடவே இல்லை. அது உறையோடு யன்னல் கட்டின்மேல் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

பிழையெல்லாம் பெரியவர்கள் பங்குபோட்டு எடுத்து முடித்துவிட்டார்கள், எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு எல்லோரும் கிணற்றடிக்கே திரும்பிவிட்டோம். குளியலறைக்குள் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. சில நாள் கழித்து அக்காவின் அலுமாரியில் மெல்லிய துணிகள் மடித்து வைத்திருப்பதைக் கண்டேன். அம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, ஓரம் தைத்து, கழுவிக் காயவைத்து அடுக்கியவை. தொட்டால் கையில் இருப்பதே தெரியாது. என் பொம்மைக்கு ஒன்று தருவாயா என்று கேட்டேன். அக்கா எல்லாவற்றையும் எடுத்து என் மடியில் வைத்தாள். “எல்லாத்தையும் எடு. எனக்கு வேணாம்” என்றாள். ஒன்று கேட்டதற்குப் பன்னிரண்டு கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. என் மகள் பிறந்து, அதே போன்ற துணிகளை நான் மடித்து அடுக்கிய நாளில்தான் விளங்கியது. அன்று நான் அழுததைப் பிள்ளை பெற்ற உடம்பின் களைப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போகும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளைப் பார்த்துக்கொள்வது அக்காதான். தினமும் அவளைக் குளிப்பாட்டுவதும் அக்காதான். இந்தத் தரையில் ஈரக்காலோடு நிற்கப்போகிறவர்கள் அவர்கள் இருவரும். மாபிள் எடுக்கத் தானும் வருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். “நீ தனியப் போனா ஒண்டும் எடுக்காமத் திரும்பி வருவாய். ரெண்டு பேரும் போவம்” என்றாள்.

வெள்ளாமை வெட்டு முடிந்துதான் வருவேன் என்று மேசன் சொல்லியிருப்பதால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்கிறேன். சொரசொரப்பான மாபிளில் பிள்ளை விழுந்தால் முழங்கால் தேய்ந்துவிடும், அழுக்கும் பிடிக்கும் என்கிறார்கள். சின்னச் சின்ன சதுரங்களாக வருவது நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். மாபிளே வேண்டாம், பழையபடி சீமெந்து போடு என்பவர்களும் உண்டு. பிள்ளை வளர்த்தவர்கள், வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள், எது காலை விடாமல் பிடிக்கும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அக்கா பத்திரிகை வாசிப்பதில்லை என்ற துணிவில்தான் இவ்வளவும் எழுதினேன். அதுவும் ஒரு கோழைத்தனம் என்று தெரியும். அந்தப் பெரியவர் சொன்னதை, கடைக்குப் போவதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் எனக்கு ஆறும். ஆனால் அவளுக்கு? இத்தனை வருடமாகத் தன் கவனக்குறைவு என்று சொல்லிப் பழகிவிட்டவளிடம் இப்போது போய், இல்லை அக்கா, நான்தான் என்று சொல்வது அவளுக்குச் செய்யும் நன்மையா, அல்லது அவள் கையில் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதோடு இன்னொரு சுமையையும் கொடுப்பதா? இப்படி ஒன்றை நெடுங்காலம் வைத்திருந்து சொன்னவர்கள் யாராவது இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.