பச்சைக் காரின் விலை

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை கராஜ் கதவைத் திறந்த அப்பா, உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பகலில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பயம் எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

பண்டாரவளைக்கு மேலே, தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றுக்கு அப்பா காவல்காரர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். அவருடைய தகப்பனார் ஓட்டிய கார் கராஜில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஆங்கிலேயக் கார். பச்சை நிறம் மங்கி, இருக்கைத் தோல் வெடித்திருந்தது. அப்பா வாரந்தோறும் அதற்கு மெழுகு போட்டுத் துடைப்பார். அதை விற்கப்போவதாகச் சொந்தக்காரர் போனில் சொன்னார். பழைய கார் சேர்ப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் விலையில் பண்டாரவளை டவுனில் ஒரு வீடே வாங்கலாமாம். அம்மா நம்பவில்லை.

"கூரையும் ஒழுங்கா இல்ல, நாலு பேரு ஏறவும் முடியாது. இதுக்கா வீடு?"

அம்மாவின் தம்பியான என் மாமா, தேயிலை பேக்டரி லொறிகளைப் பராமரிப்பவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பூசைக்கு எந்த வண்டியும் பழைய முகத்தோடு நிற்கக்கூடாது என்பது பேக்டரியில் வழக்கம். கழுவி, பெயின்ட் தொட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஆள் வந்து பார்க்கப்போகிற கார் மங்கலாக நிற்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. பூசையன்று அப்பா வெலிமடைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மாவிடம் சாவியை வாங்கி, லொறிக்கு அடித்து மிஞ்சிய பச்சையைத் தூரிகையால் கார் முழுவதும் பூசிவிட்டார். பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடும் இழுத்திருந்தார்.

"என்னா மச்சான், அசந்து போயி ஒக்காந்துட்டீங்க? பொண்ணு பாக்க வர்றாங்கல்ல, அதான் சோடிச்சு வச்சிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார் மாமா.

"மாப்ள, பழைய பெயின்ட்டுக்குத்தான்டா வெலயே. கம்பெனியில அடிச்சது அப்பிடியே இருக்கான்னு போன்ல கேட்டாங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டேன்."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சொரண்டிப் பாப்பமா?"

"தொடாத! உள்ள இருக்கிறதும் சேந்து போயிரும்."

எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. பயங்களையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அப்பாவை அடிப்பார்கள் என்பது முதலாவது. பொலிஸ் வரும் என்பது அடுத்தது. வீட்டைவிட்டுப் போகச் சொல்வார்கள் என்பதைக் கடைசியில் வைத்திருந்தேன். அம்மா பாத்திரங்களை ஓசையில்லாமல் சாக்கில் போட ஆரம்பித்தபோது, அது தானாகவே மேலே ஏறி வந்தது.

இரண்டு நாளில் சொந்தக்காரர் வாங்குபவரோடு வந்தார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். வாங்க வந்தவர் மெலிந்த, அமைதியான மனிதர். முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து எண்களைச் சரிபார்த்தார். பிறகு கதவின் அடிவிளிம்பை நகத்தால் கீறி, விரலை முகர்ந்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் உச்சுக்கொட்டினார்.

"பாழாக்கிட்டாங்களே. யாரு செஞ்சது?"

கராஜ் ஓரமாக நின்ற மாமாவின் முகம் வெளுத்தது.

"நான்தாங்க" என்றார் அப்பா.

சொந்தக்காரர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. வந்தவர் பாதி விலைதான் என்றார். கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரரும் ஒத்துக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "மாசக் கடைசியோட சாவியக் குடுத்திட்டுப் போங்க" என்றார்.

வாங்கியவர் கொண்டுவந்திருந்த லொறியில் காரை ஏற்றிக் கட்டினார்கள். சொந்தக்காரர் போனைக் காதில் வைத்தபடி உள்ளே போய்விட்டார். நான் லொறிக்குப் பின்னாலேயே போனேன். அப்பா நின்ற கேட்டருகே அது வந்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தலையை நீட்டி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க அண்ணே, கார் கெடல்ல. மெழுகுக்கு மேல அடிச்சிருக்கீங்க, பெயின்ட் இன்னும் இறுகல்ல. மண்ணெண்ணெயில துடைச்சா வழிச்சுக்கிட்டு வந்திரும். பழசு உள்ள பத்திரமா இருக்கு."

இன்று வாகனங்களைப் பரிசோதிப்பது என் தொழில். அவர் சொன்னது சரிதான். கம்பெனியில் அடித்த பழைய பெயின்ட்டை மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. விரலை முகர்ந்தபோதே அது அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் அடுப்படி மூலையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எப்போதும் இருக்கும்.

அன்று எனக்குக் கேட்டதெல்லாம் கார் கெடவில்லை என்பது மட்டும்தான். கெடவில்லை என்றால் அப்பா மேல் தப்பும் இல்லை, நாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டுப் போகிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அப்பா மூடியிருந்த கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி பங்களாவையே பார்த்துக்கொண்டு நின்றார். லொறிக்காரர் ஹோன் அடித்தார். அப்பா அசையவில்லை.

திறக்க மறந்துபோய் நிற்கிறார் என்று எண்ணி, நானே ஓடிப்போய் அவருடைய கையை விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன்.