யானை நிற்கும் வளைவில் ஹாரன்

சமவெளியில் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வரை எனக்கு விதிகளோடு எந்தச் சண்டையும் இருந்ததில்லை. சிவப்பு விழுந்தால் நிற்பேன், கண்டக்டர் விசில் கொடுத்தால் எடுப்பேன். குழப்பமெல்லாம் மலைக்கு மாற்றல் கேட்டு வந்த பிறகுதான். மனைவிக்குக் குன்னூரில் ஆசிரியை வேலை. மகள் அங்கேயே ஒன்றாம் வகுப்பு. வாரம் ஒரு நாள் விருந்தாளி மாதிரி போய் வந்து எனக்கு அலுத்துவிட்டது. அதிகாரி ஒருவர் என்னோடு பஸ்ஸில் வந்து, மலைப்பாதையில் இவன் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டால் குன்னூர் டிப்போவிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே போக வேண்டும்.

பயிற்சியில் சொன்னதெல்லாம் புரிந்தது. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. நியூட்ரலில் விடாதே. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடி, விதிவிலக்கே கிடையாது. எல்லாம் நியாயம்தான். மறுநாள் வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து பேசினார். பர்லியார் பக்கம் பலா பழுத்துவிட்டது, யானைகள் சாலைக்கு வருகின்றன, அவை நிற்கிற இடத்தில் ஹாரன் அடிக்கவே கூடாது, குட்டி கூட இருந்தால் நேராக வண்டி மேலேயே வரும் என்றார். அதுவும் நியாயம்தான். யானை வளைவிலேயே நின்றால் என்ன செய்வது என்று எழுந்து கேட்டேன். பயிற்சி கொடுத்தவர் வனத்துறைக்காரரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். அதற்குள் டீ வந்துவிட்டது.

எனக்கு எரிச்சலான எரிச்சல். டிப்போவில் மற்ற டிரைவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். லேசாக அடி என்றார் ஒருவர். பஸ் ஹாரனில் லேசு ஏது? லைட்டைப் போட்டுக் காட்டு என்றார் இன்னொருவர். பட்டப்பகலில், வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு என் லைட் எப்படித் தெரியும்? அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருப்பு என்றார் மூன்றாமவர். மூவரில் அவர்தான் உண்மையைச் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என்னைச் சோதித்தது மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற காலை வண்டியில். அதிகாரி என்னைவிட வயதில் சிறியவர். என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பாதி மலை வரைக்கும் என்னிடம் அவர் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் வனக்காவலர் ஒருவர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். கீழ்ச்சரிவில் குட்டியோடு யானை நிற்கிறது, சத்தம் போடாமல் மெதுவாகப் போய்விடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளத்தாக்குப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். அதிகாரியும் எழுந்து எட்டிப் பார்த்தார்.

முதல் கியரில் இறங்கினேன். வளைவு நெருங்கியது. கை ஹாரனுக்குப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. அடித்தால் யானை மிரளும். அடிக்காவிட்டால் எதிரே என்ன வருகிறதோ. கடைசியில் அடிக்கவில்லை.

திரும்பினால், கண்ணாடி முழுக்க இன்னொரு பஸ். இரண்டு பேரும் பிரேக்கை மிதித்தோம். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். உள்ளே ஒரே கூச்சல். எதிர் டிரைவரை இரண்டு கண்ணாடிகள் வழியாகப் பார்த்தேன். அவர் கையும் ஹாரனுக்கு மேலே அந்தரத்தில் நின்றிருந்தது. வளைவுக்குக் கீழே நின்ற இன்னொரு காவலர் அவரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

இறங்குகிறவன் நான், எனவே நான்தான் பின்னால் போக வேண்டும். எங்கள் கண்டக்டர் பின் படியில் நின்று, விசில் ஊதப் பயந்து, வண்டித் தகரத்தில் உள்ளங்கையால் தட்டித் தட்டி வழி சொன்னார். யானை என்ன ஆயிற்று என்று தெரியாது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

மேட்டுப்பாளையத்தில் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த வளைவுல ஹாரன் அடிச்சீங்களா?"

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அந்த நேரம் எல்லாரையும் போல அவரும் யானையைத் தேடிக்கொண்டிருந்தார்; பிறகு எழுந்த கூச்சலில் எல்லாம் குழம்பிவிட்டது. அடித்தேன் என்றால் வனத்துறை விதி போயிற்று. இல்லை என்றால் எங்கள் விதி போயிற்று. பொய் சொல்வதென்றாலும் எந்தப் பொய் என்று தெரிய வேண்டுமே.

"அடிக்கலீங்க."

"நாளைக்கும் இதே மாதிரி ஆனா அடிப்பீங்களா?"

குன்னூர் வீடு, மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆசை எல்லாம் அந்த நிமிடமே கைநழுவிப் போவதாகத் தோன்றியது. தெரியலீங்க என்றேன்.

அவர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "எனக்குந் தெரியலீங்க," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி கேசரி கிண்டி வைத்திருந்தாள். மகள் என் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். இனி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு ஸ்கூல் லீவுதானுங்க," என்றாள் மனைவி. "பாப்பாவும் நானும் உங்க வண்டியிலயே மேட்டுப்பாளையம் அம்மா ஊட்டுக்கு வாறோம். பாப்பாவுக்கு முன்னாடி சீட்டுதான் வேணுமாம்."

வாயில் இருந்த கேசரியை விழுங்கினேன். நாளைக்கு அந்த வண்டியில் ஏறப்போகிற வேறு ஒருவரிடமும் சொல்ல நினைக்காததை, யோசிக்காமல் அவளிடம் சொன்னேன்.

"நீங்க அடுத்த வண்டியில வாங்க."