கோணமூக்கிக் கோகோ

கோகோ ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு அளவுக்கார அம்மா என்று பெயர். காயின் நீளம் பார்ப்பது, நூலைச் சுற்றிப் பருமன் பார்ப்பது, பிளந்து விதைகளை எண்ணுவது, ஒரு விதையைக் குறுக்கே வெட்டி உள்நிறத்தைக் குறிப்பது. இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. அவர் எழுதிய தாளை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை.

அவருடைய வீட்டுக்காரர் அதே பண்ணையில் கிளை கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். ஒரு மழைநாள் மத்தியானம் தலைத்துண்டில் ஒரு காயைச் சுற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"இதப் பாரு. அச்சு அசலா உன் மூக்கு."

காயின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவு இடித்ததில் அம்மாவின் மூக்கும் அப்படித்தான்.

"கொழுப்பு உங்களுக்கு. எந்த மரத்துக் காய்?"

"யாரும் நடாத மரம். பம்பு ரூமுக்குப் பின்னால, ஓடைக்கரையில நிக்குது. அணில் போட்ட விதையா இருக்கும்."

அம்மா காயைப் பிளந்தார். முப்பத்தெட்டு விதை. ஒன்றை வெட்டியதும் கையை நிறுத்திவிட்டார். பண்ணையில் ஏறக்குறைய எல்லா மரத்து விதையும் உள்ளே கத்தரிப்பூ நிறம். இது தேங்காய்ப் பத்தைபோல வெள்ளை.

மறுநாள் பண்ணை அதிகாரியும் வந்து பார்த்தார். இடுப்புயரத்திலேயே ஐந்து கிளையாகப் பிரிந்த குட்டை மரம். தளிர் செம்புநிறம். பிஞ்சு அடர்சிவப்பு, பழுத்தால் ஆரஞ்சு. காம்புப் பக்கம் புட்டிக் கழுத்துபோல ஒடுங்கி, உடம்பில் பத்துப் பள்ளம் ஆழமாக ஓடியது. தோல் மட்டும் மெல்லிசு, விரலால் அழுத்தினாலே பதிந்தது.

எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. ஓடையின் மேற்பக்கம் ஒருகாலத்தில் கப்பலில் வந்த பழைய வெள்ளை விதை மரங்கள் சில நின்றன, எல்லாம் பட்டுப்போய்விட்டன. தாய் அவற்றில் ஒன்றாக இருக்கும். தந்தை, சுற்றியுள்ள ஆயிரம் மரங்களில் எதுவோ. கடுகளவு பூச்சி எந்தப் பூவின் மகரந்தத்தைச் சுமந்து வந்ததென்று யார் கண்டது? அதிகாரி 'தந்தை: தெரியாது' என்று எழுதினார்.

"அப்பன் பேரு இல்லேன்னா என்ன சார், என் பேரப் போட்டுக்கங்க," என்றார் கவாத்துக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

தாளில் அதற்கு எண் நாற்பத்தொன்று. பண்ணையில் எல்லோர் வாயிலும் கோணமூக்கி. அதன் விதையை வறுத்தால் கசப்பே தெரியவில்லை. அதிகாரி உச்சி குளிர்ந்து, அறுபது ஒட்டுக்கன்று கட்டச் சொன்னார். ஒட்டுக்கான குச்சி முழுவதையும் கவாத்துக்காரரே வெட்டிக் கொடுத்தார்.

ஐந்தாம் வருஷம், நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தபோது அவர் கால்வைத்த கிளை முறிந்தது. முதுகெலும்பில் அடி. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு காலை, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கோணமூக்கி பூ வெச்சிருக்கா?"

"வெச்சிருக்குங்க."

"எவ்வளவு?"

"அடிமரத்துத் தோலே தெரியல. அவ்வளவு பூ."

உண்மையில் அம்மா அத்தனை நாளும் அந்தப் பக்கமே போகவில்லை. பார்க்காமல், எண்ணாமல் அவர் சொன்ன ஒரே கணக்கு அது. வீட்டுக்காரர் கண்மூடிய பிறகும் பல மாதம் அந்தப் பொய் அம்மாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு இரண்டாம் வருஷம் மரங்களுக்கு நோய் வந்தது. தண்டு முடிச்சுமுடிச்சாக வீங்கி, இளம் இலையின் நரம்பு சிவந்தது. சோதித்ததில் அறுபது ஒட்டுக்கும் நோய். தாய்மரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் உடம்பிலும் நோய். எல்லாவற்றையும் வெட்டி எரிக்க உத்தரவு.

"ஒரே ஒரு குச்சி எடுத்து வெச்சுக்கலாமா சார்?"

"குச்சி போற இடமெல்லாம் நோயும் போகும்மா. வேணும்னா விதை எடுத்துக்கலாம். விதையில அனேகமா ஏறாது."

"விதை போட்டா இதே மரமா வரும்?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குத் தெரியாததா அம்மா?"

வெட்டுமுன் அடிமரச் சுற்றளவு எடுக்க வேண்டும். அம்மா நாடாவைச் சுற்றினார். அறுபத்து நாலு சென்டிமீட்டர். அவிழ்த்து மறுபடி சுற்றினார். ரம்பக்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"போதுமாம்மா?"

"இருப்பா. இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

மூன்றாம் தடவையும் அறுபத்து நாலுதான். எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார். குட்டை மரம், வெட்டிச் சாய்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசிக் காய்களின் விதைகளைப் போட்டதில் இருபத்தொன்பது முளைத்தன. தனிப் பாத்தியில், வலைக்கூண்டுக்குள் அம்மா வளர்த்தார். நாலாம் வருஷம் காய்த்தன. ஒன்று பப்பாளிபோல வழவழவென்று இருந்தது. ஒன்று மஞ்சளாகப் பழுத்தது. பாதிக்குமேல் உள்ளே கத்தரிப்பூ நிறம். நாலு மட்டும் வெள்ளை, ஆனால் காய் உருண்டை, தோல் தடிப்பு. இருபத்தொன்பது மரத்துக்கும் தனித்தனித் தாளில், ஒரு கட்டம்கூட விடாமல் எழுதி முடித்தார்.

"ஏதாவது ஒத்து வருதா அம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். எல்லாம் நல்ல மரங்கதான். ஆனா வேற மரங்க."

தாள்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, அரைநாள் லீவு வேண்டும் என்றார். அதிகாரி காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. மூன்று மைல் நடந்தே வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், வீட்டுக்காரர் படுத்துப் பழகிய கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார்.