நடுப்பத்தியில் ஒரு மஞ்சள் தாள்

குளிர் அங்கியை இன்னும் கழற்றவில்லை. ஒரு கையுறையை மட்டும் உருவிவிட்டு, ஆலைச் சுவர்ப் பலகையில் சரிந்திருக்கும் மஞ்சள் தாளைப் பெருவிரலால் நிமிர்த்துகிறார் மங்களேஸ்வரி அக்கா. பக்கத்துத் தாளையும் நிமிர்த்துகிறார். பிறகுதான் பனிச் சப்பாத்துக் கழலும். புருசெத் என்ற புறநகரில் அவர் வீட்டுக்குப் போகும் விருந்தாளியின் செருப்புக்கும் இதே கதிதான், திரும்பிப் பார்ப்பதற்குள் சோடி சேர்ந்துவிடும். "கோணலாக் கிடந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்பார்.

ஒஸ்லோவில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் ஆலை அது. துணி மடிக்கும் பகுதியின் பொறுப்பாளர் பெரித் என்ற நோர்வேப் பெண். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஐப்பசியில் ஏதோ வகுப்புக்குப் போய் வந்தவள், வந்த சூட்டோடு இந்தப் பலகையை மாட்டினாள். மூன்று பத்திகள்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொருவர் வேலைக்கும் பெயர் எழுதிய ஒரு மஞ்சள் தாள்; வேலை முடிய முடிய அவரவர் தாளை அவரவரே நகர்த்த வேண்டும். தாள்கள் தேங்காமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது அக்காவின் வேலை. இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. ஸ்தவாங்கரில் இருக்கும் தங்கைக்கு அன்றே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார்.

தேங்கியது ராசமலரின் தாள்தான். தற்காலிகமாக வேலைக்கு எடுத்த பிள்ளை, வலத் தோளில் நோவு. ஒரு வண்டித் துவாய் மடிக்கவே மத்தியானமாகிவிடும். பெயர் எழுதிய தாள் நடுவில் கிடந்து எல்லார் கண்ணிலும் குத்தும். அக்காவுக்குப் பொறுக்குமா? மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போனதும், "நீர் இரும் பிள்ளை, நான் மடிச்சு விடுறன்" என்று மளமளவென்று மடித்து, தாளையும் வலப்பக்கம் கொண்டுபோய் ஒட்டிவிடுவார். அந்த மாரிக் குளிர்காலம் முழுக்க இதே கதை. பலகை அழகாக ஓடியது, பெரித்துக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை பெரித் அக்காவைத் தனியே கூப்பிட்டாள். "எல்லாம் உன்னால்தான். வேலை இவ்வளவு லேசாக முடிகிறதென்றால் நமக்கு ஓர் ஆள் மிச்சம். ஈஸ்டருக்குப் பிறகு ராசமலரை நிற்பாட்டலாம். வெள்ளிக்கிழமை பலகையைப் பார்த்து முடிவெடுப்போம்." சொல்லிவிட்டு முதுகிலும் தட்டிக்கொடுத்தாள், பாவி.

அன்று ரயிலில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்தார் அக்கா.

"இஞ்சருங்கோ, வேலை ஒழுங்கா நடந்தா ஆள் கூடவாம். அப்ப ஒழுங்கில்லாமல் நடந்தா நல்லதே?" என்று புருசன் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கேட்டார்.

"பெரித்திட்டை உண்மையைச் சொல்லுமன்."

"எப்பிடிச் சொல்லுறது? ராசமலருக்குத் தோள் ஏலாதெண்டா அதுக்கும் நிற்பாட்டுவினம். சொல்லாட்டியும் நிற்பாட்டுவினம். நான் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்தனானோ கெட்டது செய்தனானோ, அதுவே எனக்கு விளங்கேல்லை."

ஸ்ரீஸ்கந்தராசா சோற்றைப் பிசைந்தார்.

இன்று வெள்ளி. காலையில் தன் பங்குக் கட்டில் விரிப்புகளைத் தொடாமல், ராசமலரின் துவாய்களை முதலில் மடித்து முடித்தார் அக்கா. இடைவேளை வந்ததும் தன் விரிப்புகளை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களோடு போய்க் கோப்பியுடன் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. கோப்பி ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தார்.

மத்தியானம் எல்லோரும் பலகை முன்னால் நிற்கிறார்கள். நடுப்பத்தியில் ஒரு தாள்.

"உன்னுடையதா?" என்கிறாள் பெரித், தாளிலுள்ள பெயரை வாசித்து.

"என்னுடையது. முடியவில்லை. இருக்கிற ஆள் காணாது" என்கிறார் அக்கா.

பெரித் தாளைப் பார்க்கிறாள், அக்காவைப் பார்க்கிறாள். "அப்படியானால் ஒருவரையும் குறைக்க முடியாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "உனக்கும் களைப்புப் போல. அடுத்த கிழமையிலிருந்து பலகையை வேறு யாராவது பார்க்கட்டும்" என்கிறாள்.

அக்கா தலையாட்டுகிறார். ராசமலர் ஒன்றும் புரியாமல் தோளைத் தடவிக்கொண்டு நிற்கிறாள்.

நடுவில் இருக்கும் தாள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அக்காவின் பெருவிரல் தன்பாட்டில் அதை நோக்கி எழும்புகிறது. பாதி வழியில் நிற்கிறது. கையை மடக்கி ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.